ஒரே இரவில் 86,000 சேர்ந்தது, மாதம் 375க்குக் கை எழவில்லை: இரக்கத்தை நம்பிக் கொள்கை எழுதலாமா?

மூன்றாம் மாடி (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9.40

கொழும்பு வெள்ளவத்தையில் 24 வீடுகள் உள்ள ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். இந்த வருடம் நிர்வாகக் குழுவின் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

போன மாதம், எங்கள் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிற அக்காவின் மகளுக்கு அவசரமாக ஒரு சத்திரசிகிச்சை. குழுவில் ஒருவர் அந்தப் பிள்ளை கட்டிலில் படுத்திருக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டார். இரவு 11 மணிக்குள் 86,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. நாலாம் மாடி அன்ரி வளையலை அடகு வைக்கக்கூட ஆயத்தம். நாங்கள்தான் மறித்தோம்.

இரண்டு கிழமை கழித்துக் கூட்டம். அந்த அக்காவுக்கும் காவல் பார்க்கிற இரண்டு வோச்சர் ஐயாமாருக்கும் மாதம் 3,000 ரூபாய் கூட்டிக் கொடுப்போம் என்று கேட்டேன். மொத்தம் 9,000. வீட்டுக்கு 375. கை தூக்கியவர்கள் ஏழு பேர். "இன்றைக்கு இவர்களுக்குக் கூட்டினால் நாளைக்கு லிஃப்ட் பார்க்கிறவன் கேட்பான்" என்றார் ஒருவர். வளையல் அன்ரியும் கை தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அந்த ஓர் இரவுக் காசு இந்தச் சம்பளக் கூட்டலுக்கு ஒன்பதரை மாதம் காணும்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2022இல் பாண் விலையும் காஸ் விலையும் ஏறிய நேரம் இந்த மூன்று பேருக்கும் ஒரு சதம் கூட்டாமல் விட்டபோது நானும் இதே கூட்டத்தில் பேசாமல் இருந்தவன்.

பிறர் நோவைத் தன் நோவாக உணர்வதுதான் ஒழுக்கத்தின் வேர் என்று சின்னதிலிருந்து படித்து வந்தோம். சரி, ஒரு நாட்டின் வரி, மானியம், சம்பளம் எல்லாவற்றையும் அந்த வேரில் நட்டால் பிடிக்குமா? இல்லை, எங்கள் கட்டடத்தில் நடந்தது மாதிரித்தான் நடக்குமா?

*

தராசு | சனி, இரவு 10.15

நட்டால் பிடிக்காது. உங்கள் கதையே அதற்குச் சாட்சி. யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த உளவியலாளர் போல் புளூம் 2016இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய வாதம், இந்த உணர்வு டோர்ச் வெளிச்சம் மாதிரி. அடிக்கிற இடம் பளிச்சென்று தெரியும், பக்கத்தில் இருப்பது இருட்டு. ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தால் உருகுகிறோம். மூன்று பேரின் சம்பளப் பட்டியலில் முகம் இல்லை. ஆகவே கொள்கையைக் கணக்குக்காரர்கள் எழுதட்டும், கணக்குக்குக் கண்ணில்லை.

இன்னொன்று. 2019 டிசம்பரில் சாமான் வாங்கும்போது கட்டுகிற வற் (VAT) வரியை 15இலிருந்து 8க்குக் குறைத்தார்கள், வேறு சில வரிகளையும் எடுத்துவிட்டார்கள். எந்தப் பெயரில்? மக்கள் சுமை தாங்க மாட்டார்கள், வியாபாரிகள் பாவம் என்ற பெயரில். அரசின் வருமானம் சரிந்தது, காசு அச்சடித்தார்கள். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் முந்திய வருடத்தைவிட 69.8 சதவீதம் மேலே. இரக்கத்தோடு குறைத்த வரியை இன்றைக்கு 18 சதவீதமாகக் கட்டுகிறோம், பால்மா வாங்குகிறவரும் சேர்த்து.

*

செட்டித்தெரு | சனி, இரவு 10.22

அந்த வரிக் குறைப்பு இரக்கத்தில் வந்ததாம். தம்பி, அது தேர்தலில் வந்தது.

*

மாளிகாவத்தை நாநா | சனி, இரவு 11.05

தராசு தம்பி, நீங்கள் சொல்லும் கணக்குக்காரர்கள் செய்த வேலையையும் கொஞ்சம் பார்ப்போம்.

என் உம்மா தனியாக இருக்கிறா. இரண்டு பல்பு, ஒரு ஃபேன், போன் சார்ஜ். மாதம் 30 அலகு மின்சாரத்துக்குள் அடக்கிப் பாவிப்பா. அந்த 30 அலகுக்கு முதலில் 105 ரூபாய்: அலகு 2.50, நிலையான கட்டணம் 30. 2022 ஆகஸ்டில் அலகு 8, நிலையானது 120. ஆக 360. 2023 பெப்ரவரியில் அலகு 30, நிலையானது 400. போட்டுப் பாருங்கள், 1,300. ஏறக்குறைய ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. பெரிய வீட்டுக்காரருக்கும் ஏறியது, ஆனால் பன்னிரண்டு மடங்கு ஏறவில்லை.

அந்தப் பட்டியலை எழுதினவர்களுக்குக் கூட்டல் கழித்தல் நன்றாகத் தெரியும். 30 அலகு வீடு என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தால் 400 ரூபாய் நிலையான கட்டணத்தைப் பார்த்த இடத்திலேயே பேனை நின்றிருக்கும். உம்மா ஃபேனை நிற்பாட்டிவிட்டுப் பனையோலை விசிறியை எடுத்தா. என்ன செய்தும் 400ஐக் குறைக்க முடியாதே, பல்பே எரியாவிட்டாலும் அது வரும்.

*

தராசு | ஞாயிறு, காலை 7.30

நாநா, அந்தப் பெப்ரவரிப் பட்டியல் பிழை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதை அவர்களே ஒத்துக்கொண்டது மாதிரித்தான், 2023 ஜூலையில் அதே 30 அலகுக்கு 450 ஆக்கினார்கள்.

ஆனால் 105 ரூபாய் எப்படி 105 ஆகவே கிடந்தது என்பதையும் பாருங்கள். ஒன்பது வருடம் யாரும் கட்டணத்தை ஏற்றவில்லை. ஏற்றினால் ஏழைக்கு நோகும் என்றார்கள். எண்ணெயும் நிலக்கரியும் டொலரில் வருகிற நாட்டில் அந்த நட்டத்தை யார் தாங்கியது? கடைசியில் விலைவாசியாக உங்கள் உம்மாவின் சட்டிக்குள்தான் வந்து விழுந்தது. அப்புறம் இந்த 30 அலகு என்ற கோடு. மூன்றாம் மாடி அண்ணா இருக்கும் வெள்ளவத்தையில் எத்தனை பிளற் பூட்டிக் கிடக்கிறது? லண்டனில், ரொறொன்ரோவில் இருக்கிற உரிமையாளர் வருடத்தில் மூன்று கிழமை வந்து தங்குவார். மற்ற மாதமெல்லாம் அந்த வீடும் 30 அலகுக்குள்தான். கருணை விலை அவருக்கும் போய்ச் சேர்ந்தது.

*

மூன்றாம் மாடி | ஞாயிறு, காலை 8.10

உண்மை. எங்கள் கட்டடத்திலேயே ஆறு வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் கை தூக்காதவர்களில் நாலு பேர் அங்கிருந்து சூமில் வந்தவர்கள்.

*

பழைய வாத்தியார் | ஞாயிறு, காலை 10.45

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பொருளாதாரம் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிற இடத்தில் வள்ளுவர் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறார்.

"அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய்
தந்நோய்போல் போற்றாக் கடை" (315)

இதை எல்லோரும் சொல்வார்கள். இது அறத்துப்பாலில் இருக்கிறது, தனி மனிதருக்கு. தராசு தம்பியின் கணக்குக்கு நாநாவின் பதிலும் இதுதான். மற்றவர் நோ தெரியாத அறிவை வைத்து என்ன செய்வது?

ஆனால் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் உண்டு, 58ஆவது. அது எந்தப் பாலில் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் அறத்துப்பால் என்பார்கள். இல்லை. பொருட்பாலில், அரசியலில், ஒற்றாடலுக்கு முன்னால் இருக்கிறது. ஆளுகிறவனுக்கு வேண்டிய குணமாகத்தான் அதை வைத்தார்.

வேடிக்கை இனித்தான். அதற்கு மூன்று அதிகாரம் முன்னால், செங்கோன்மையின் முதல் குறள்:

"ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்
தேர்ந்துசெய் வஃதே முறை" (541)

கண் ஓடாமல் செய்வதுதான் முறை என்கிறார்! அங்கே கண்ணோடாதே, இங்கே கண்ணோடு. மறந்துபோய் எழுதினாரா? பரிமேலழகர் கண்ணோட்டத்துக்குச் சொல்லும் விளக்கத்தைப் பார்த்தால் விளங்கும். தன்னோடு பழகியவரைக் கண்டால் அவர் சொன்னதை மறுக்க முடியாமல் போவது அது. அவர்மேல் கண் ஓடுவதால் அந்தப் பெயர். அதாவது கண் தெரிந்த முகத்தை நோக்கித்தான் ஓடும். கட்டிலில் கிடந்த பிள்ளையை நோக்கி ஓடிய அதே கண்தான் நாளைக்கு மச்சானுக்கு டெண்டர் கொடுக்கவும் ஓடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை. இரக்கமும் பக்கச்சார்பும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு 578:

"கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு
உரிமை உடைத்திவ் வுலகு"

'வல்லார்க்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். கருமமும் சிதையக் கூடாது, கண்ணும் ஓட வேண்டும். அதற்கு ஒரு வல்லமை வேண்டும். நல்ல மனம் இருந்தாலே போதும் என்றால் 'நல்லார்க்கு' என்று எழுதியிருப்பார், தளையும் தட்டாது.

*

செட்டித்தெரு | ஞாயிறு, காலை 10.58

குறளைக் காட்டினால் கரண்ட் பில் குறையுமா சேர்? சும்மா கேட்டேன், கோபிக்க வேண்டாம். டெண்டர் விஷயம் நூற்றுக்கு நூறு.

*

கொட்டாஞ்சேனை அக்கா | ஞாயிறு, பகல் 2.20

எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். 1953 ஹர்த்தாலைப் பற்றிச் சாகும்வரை கதைப்பார். கொரிய யுத்தத்தில் ரப்பருக்குக் கிடைத்த நல்ல விலை போய்விட்டது, அரசாங்கத்தின் கையில் காசு இல்லை. நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கூப்பனுக்கு மலிவாகக் கொடுத்த அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சாப்பாட்டையும் வெட்டினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு நின்றது. அமைச்சரவை கூடுவதற்குக் கரையில் இடமில்லாமல், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூஃபவுண்ட்லாந்து' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூடினார்கள். அப்பா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்ததைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவியை விட்டார்.

கணக்கு அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கைக் கப்பலில் இருந்துகொண்டு பார்த்தார்கள்.

அது அப்பா சொன்னது. நான் கண்ணால் கண்டது 1979. கூப்பனை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள். அப்போது கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்தேன். உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுக்கப் போகிறோம் என்றார்கள், நல்ல யோசனைதான். ஆனால் முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நின்றது, சாமான் விலை நிற்கவில்லை. ஒரே பெண் ஒரே முத்திரையோடு ஒவ்வொரு மாதமும் வருவாள், ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறைவாக நிறுத்துக் கொடுப்பேன். யாரும் அவளுடைய முத்திரையை வெட்டவில்லை. வெட்டியிருந்தால் 53 மாதிரி ஊர் கூடியிருக்கும். விலைவாசி தின்றதால் ஒரு சத்தமும் வரவில்லை.

மூன்றாம் மாடித் தம்பி, உங்கள் வோச்சர்மாருக்கு நடந்ததும் இதுதானே? 2022இல் நீங்கள் அவர்களுடைய சம்பளத்தை வெட்டினீர்களா? இல்லை. வெட்டுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வளையல் அன்ரி சண்டைக்கு வந்திருப்பா.

*

மூன்றாம் மாடி | ஞாயிறு, பகல் 2.41

அக்கா, இதை வாசித்துவிட்டுப் பழைய கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 2021 ஜனவரியில் கொடுத்த அதே தொகைதான் 2023 ஜூன் வரைக்கும். நான் 'கூட்டாமல் விட்டோம்' என்று எழுதியிருந்தேன். வெட்டினோம் என்று எழுதியிருக்க வேண்டும்.

*

மலைச்சாரல் | ஞாயிறு, மாலை 6.30

ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன், புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. மூன்று நாலு விஷயம் சொல்லணும், நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்க.

வாத்தியார் ஐயா சொன்ன கண் யாரைப் பார்த்து ஓடுது? 1948இல் தோட்டத்து ஆட்களுடைய குடியுரிமையைப் பறிச்ச சட்டம் வந்தது, அடுத்த வருஷம் வோட்டும் போச்சு. அதுக்கு அப்புறம் எங்க ஆட்களுடைய லயத்தை, அந்த வரிசை வீட்டை, எந்த அமைச்சர் கண் பார்த்திருக்கும்? இரக்கம் இல்லாமல் இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே இரக்கத்தை அடித்தளமாக வைப்போமா என்று கேட்கிறதுக்கு முன்னாடி, யாருடைய கண்ணுக்கு முன்னாடி யார் நிற்க முடியுது என்று கேட்கணும். வோட்டு, சங்கம், வழக்கு, இதெல்லாம் கண்ணைத் திருப்புகிற கயிறு.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று சம்பளச் சபை தீர்மானிச்சது. எத்தனை வருஷப் போராட்டம் அது. அடுத்த வருஷம் ரூபாய் விழுந்தது. எங்க அம்மா கையில் அதே ஆயிரம், கடையில் பாதிச் சாமான். கொட்டாஞ்சேனை அக்கா சொன்ன முத்திரைக் கதைதான்.

அப்புறம் சேமலாப நிதி. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைச்சப்போ வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, தொடலை. தொட்டால் வங்கி ஆடும், வைப்புக்காரர் பயப்படுவார், ஏற்கனவே அவங்க வரி கட்டுறாங்க என்றாங்க. தொட்டது ஊழியர் சேமலாப நிதி மாதிரி ஓய்வூதிய நிதிகளை. முறிகளை மாற்றிக்கொள், 2025 வரைக்கும் 12 சதவீதம், பிறகு 9. மாற்றாவிட்டால் 30 சதவீத வரி. தராசு இதற்கும் நியாயம் சொல்வார், இருக்கலாம். ஆனால் இந்த இழையில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கு? கொழுந்து பறிக்கிறவங்க, ஆடை தைக்கிறவங்க கிழவி ஆனபோது எடுக்கிற காசு அது. ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் குறையப் போகிற காசுக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட முடியாது.

கடைசியாக ஒண்ணு. எங்க அத்தை உங்க ஏரியாவில் ஒரு வீட்டில் பதினெட்டு வருஷம் வேலை. வீட்டு அம்மா தங்கமானவங்க. கல்யாணத்துக்கு நகை, காய்ச்சலுக்கு டாக்டர், எல்லாம் பார்த்தாங்க. சேமலாப நிதி மட்டும் கட்டலை. அத்தையும் கேட்கலை. இவ்வளவு பார்க்கிறவங்ககிட்ட எப்படிக் கேட்கிறது என்று சொல்லும்.

*

நாலாம் ஒழுங்கை | ஞாயிறு, மாலை 7.02

ஒரு சின்னத் திருத்தம், யாரும் கேட்காவிட்டாலும். இந்த உணர்வைப் 'பச்சாதாபம்' என்று இப்போது பத்திரிகைகள் எழுதுகின்றன. வடமொழியில் அதற்கு அர்த்தம், செய்த பிழைக்குப் பிறகு வருந்துவது. மலைச்சாரல் எழுதியதை வாசித்ததும் பழைய அர்த்தத்தில்தான் எனக்கு அது வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு அக்கா இருந்தா.

*

தராசு | ஞாயிறு, இரவு 9.50

மலைச்சாரலுக்கு: நியாயம் சொல்ல முடியும், சொல்லப் போவதில்லை. வங்கி சரிந்தால் கியூவில் நிற்பவர்களைத் தொலைக்காட்சி காட்டும். நிதியின் வருமானம் குறைந்தால் காட்ட ஒன்றுமில்லை. வங்கியைக் காப்பாற்றிய முடிவு பிழை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தவர்களின் கண்ணும் ஓடித்தான் இருக்கிறது. கணக்குக்குக் கண்ணில்லை என்று நான் முதல்நாள் எழுதியது அரைகுறை.

பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தை எங்கள் ஆட்கள் சுயநலத்தின் தகப்பன் என்று நினைப்பார்கள். 1776இல் வந்த பெரிய நூலுக்கு 17 வருடம் முன்னால், 1759இல், அவர் எழுதிய முதல் நூலே மற்றவர் நிலையில் தன்னை வைத்துப் பார்ப்பதைப் பற்றித்தான். அதில் ஓர் இடம் வரும். சீனா முழுவதும் நிலநடுக்கத்தில் அழிந்துவிட்டது என்று ஐரோப்பாவில் ஒருவன் கேள்விப்படுகிறான். கொஞ்சம் வருந்துவான், வாழ்க்கை நிலையில்லை என்பான், பிறகு குறட்டை விடுவான். நாளைக்குத் தன் சுண்டுவிரல் போகப் போகிறது என்றால் இரவு தூங்க மாட்டான். இவ்வளவையும் மறைக்காமல் எழுதிவிட்டுத்தான் கேட்கிறார்: அப்படியென்றால் தன் விரலைக் காப்பாற்றக் கோடிப் பேரைக் கொல்லச் சம்மதிப்பானா? மாட்டான். ஏன்? மென்மையான உணர்ச்சியால் அல்ல, அந்தத் தீப்பொறிக்கு அவ்வளவு பலம் இல்லை என்கிறார். நெஞ்சுக்குள் நின்று 'நீ கூட்டத்தில் ஒருவன், மற்றவரைவிட எந்த வகையிலும் பெரியவன் இல்லை' என்று சொல்கிற ஒரு பார்வையாளன் தடுக்கிறான்.

வாத்தியார் ஐயாவின் 541ஐ வாசித்ததும் எனக்கு இவன்தான் ஞாபகம் வந்தான். கண் ஓடாத பார்வையாளன். ஆனால் அவனுக்கும் முதலில் நோ என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் 400 ரூபாய் நிலையான கட்டணம் எழுதுவான். நாநாவிடம் தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

மாளிகாவத்தை நாநா | ஞாயிறு, இரவு 10.03

தோல்வி வெற்றி என்ன தம்பி. நீங்கள் அந்தப் பூட்டிய வீட்டைச் சொன்ன பிறகு நானும் உம்மாவிடம் கேட்டேன், 105 ரூபாய் காலம் நல்ல காலமா என்று. "அப்பவும் மாதக் கடைசியில் கடன்தானே" என்றா.

2022இல் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் (QR) குறியீடு வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், காருக்கு 20. டாங்கியின் அளவைப் பார்த்துப் பிரித்திருப்பார்கள். காரில் ஒருவர் அலுவலகம் போவார், ஆட்டோவில் ஒரு குடும்பம் சாப்பிடும். பிறகு கூட்டிக் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் இரண்டரை நாள் பெற்றோல் ஷெட்டில் கியூவில் கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார்கள், பெயர்கூடக் கேட்கவில்லை. அதை மறக்க மாட்டேன். ஆனால் கியூவை முடித்து வைத்தது பிளேன்டீ இல்லை, அந்தக் கியூஆர்தான். இரண்டையும் சொல்ல வேண்டும்.

*

பழைய வாத்தியார் | திங்கள், காலை 6.15

நாநா சொன்னதைத்தான் நான் மூன்று குறளில் சொல்லிக் களைத்தேன்.

*

மூன்றாம் மாடி | புதன், இரவு 9.30

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று மறுபடி கூட்டம் வைத்தோம். இந்தத் தடவை யாருடைய கதையையும் சொல்லவில்லை, படமும் போடவில்லை. கொப்பியிலிருந்து ஒரே ஒரு தாள் எடுத்துக் கொடுத்தேன்: 2021இலிருந்து மூன்று பேருக்கும் கொடுத்த சம்பளம் ஒரு நிரல், அதே காலத்துக் கொழும்பு விலைச் சுட்டெண் பக்கத்து நிரல். பிரேரணை இரண்டு. ஒன்று, பின்தங்கியதை இரண்டு தவணையில் நிரப்புவது. மற்றது, ஒவ்வொரு ஜனவரியும் சுட்டெண் ஏறிய அளவுக்குச் சம்பளமும் தானாக ஏறுவது, கூட்டம் கூடிக் கை தூக்கத் தேவையில்லை. சேமலாப நிதி கட்டுகிறோமா என்று மலைச்சாரல் தம்பியின் பதிவுக்குப் பிறகுதான் தேடினேன். வோச்சர்மாருக்கு ஏஜென்சி கட்டுகிறது. அக்காவுக்கு யாருமே கட்டவில்லை. அதையும் சேர்த்தேன்.

இரண்டாவதுக்குத்தான் பெரிய சண்டை. "எங்கள் சம்பளமே தானாக ஏறுவதில்லை" என்றார் ஒருவர். அது நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இருக்கவில்லை. கடைசியில் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் போனால் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 14 வீடு சம்மதம். வளையல் அன்ரி இந்தத் தடவை கை தூக்கினா, சூம்காரர்களில் ஒருவரும் தூக்கினார்.

இன்று காலை அக்காவுக்குச் சொன்னேன், என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில். சுட்டெண்ணை விளங்கப்படுத்தவே பத்து நிமிடம் போனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டா: "அப்படியென்றால் சித்திரை வருடத்துக்கு எல்லா வீட்டிலும் தருகிற காசு இனி இல்லையா, மாத்தயா?"

*

கொட்டாஞ்சேனை அக்கா | புதன், இரவு 9.44

என்ன சொன்னீர்கள்?

*

மூன்றாம் மாடி | புதன், இரவு 9.52

அது வேறு, இது வேறு என்றேன். தலையாட்டினா. நம்பினாவா என்று தெரியவில்லை.